பிள்ளைகளின் கையில் மண் படட்டும்: சுற்றுச்சூழல் பயிலரங்குகள் பற்றிய கேள்வி பதில்

சிங்கப்பூரின் பாலர் பள்ளிகளிலும் தொடக்கப்பள்ளிகளிலும் சுற்றுச்சூழல் பயிலரங்குகளை நடத்தி வருபவள் என்ற முறையில், பெற்றோரும் ஆசிரியர்களும் தொண்டூழியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (பாலர் பள்ளி ஆசிரியை, பொங்கோல்): வணக்கம் அம்மா. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம் பற்றி ஒரு பயிலரங்கு நடத்தும்படி எங்கள் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். பனிக்கரடி பற்றிய காணொளியிலிருந்து தொடங்கலாமா?

பதில்: பனிக்கரடியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பனி உருகுவதைக் காட்டினால் நான்கு வயதுப் பிள்ளை பயப்படும்; அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அதனால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, பள்ளி வளாகத்திலோ பக்கத்துப் புளோக்கின் சமூகத் தோட்டத்திலோ ஒரு கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சைச் செடியோ இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் அநேகமாக இருக்கும்.

இந்தச் செடிகளின் இளந்தளிரில் எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி, ஒரு மில்லிமீட்டர் அளவேயான வெளிர்மஞ்சள் முட்டைகளைத் தனித்தனியாக இட்டுச் செல்லும். முட்டையிலிருந்து வரும் புழு பழுப்பும் வெள்ளையும் கலந்து, பறவையின் எச்சம் என்று பார்ப்பவர் ஏமாறும்படி இருக்கும். நான்கு முறை தோலுரித்த பிறகு முழுப் பச்சையாகிவிடும். அந்தப் பச்சைப் புழுவின் தலைக்குப் பின்புறத்தை மெல்லிய தூரிகையால் இலேசாகத் தொட்டால், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கவைக்கொம்பு வெளியே நீண்டு, எதிரியை விரட்டும் நெடி ஒன்று கிளம்பும். அதைப் பார்த்த பிள்ளை அன்று வீட்டில் வேறு எதையும் பேசாது. ஒருமுறை காட்டினால் போதும், புழுவைத் திரும்பத் திரும்பச் சீண்ட விடாதீர்கள்.

உங்கள் சொந்தச் செடியிலோ, தோட்டக்காரரின் அனுமதியோடோ, புழு இருக்கும் கிளையை நறுக்கி, நீருள்ள சிறு குப்பியில் செருகி, புழு நீரில் விழாதபடி குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்து, வலை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். தினமும் புதுத் தளிர் வைக்க வேண்டும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எஞ்சியிருக்கக்கூடும் என்பதால் அதைப் போடவே கூடாது. முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் பிள்ளைகள் நாள்தோறும் பார்த்து வரைய வேண்டும். பயிலரங்கு என்று நீங்கள் அழைக்கும் முதல் நாளின் இருபது நிமிடம் அதற்கான தொடக்கந்தான். இலை இல்லையென்றால் புழு இல்லை, புழு இல்லையென்றால் வண்ணத்துப்பூச்சி இல்லை என்பதைக் கண்ணால் கண்டுகொண்ட பிள்ளைக்கு, பிற்பாடு தொடக்கநிலை ஐந்தில் பருவநிலை மாற்றத்தை விளக்குவது எளிதாக இருக்கும்.

கேள்வி (இரு பிள்ளைகளின் தாயார், தெம்பனிஸ்): என் மகளின் பள்ளியில் நடந்த சுற்றுச்சூழல் பயிலரங்கில் பிளாஸ்டிக் போத்தலால் பென்சில் குவளை செய்து கொடுத்தார்கள். இது உண்மையிலேயே சுற்றுச்சூழல் கல்வியா?

பதில்: கைவினை என்ற அளவில் நல்லதுதான். ஆனால் அதைச் சுற்றுச்சூழல் கல்வி என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை. மறுபயனீட்டுக்கு உகந்ததாக இருந்த போத்தலின்மேல் பசை, மினுமினுப்புத் தூள், ஒட்டுத்தாள், நுரைத்துண்டு எல்லாவற்றையும் ஒட்டிய பிறகு அதை எதற்கும் பயன்படுத்த முடியாது. சில வாரங்களில் அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். பயிலரங்குக்கென்றே புதுப் போத்தல்களை வாங்கி வந்ததையும் பார்த்திருக்கிறேன், மனம் வேதனைப்பட்டது.

பழைய பொருளைக் கொண்டு ஏதேனும் செய்ய வேண்டுமென்றால் பழைய தாளிலிருந்து புதுத் தாள் செய்ய வையுங்கள். கிழித்த தாளை இரவெல்லாம் ஊறவைத்து, அரைவையில் கூழாக்கி, அகன்ற தொட்டி நீரில் கலந்து, வலை கட்டிய சட்டத்தால் அள்ளி, துணியில் கவிழ்த்து உலர்த்தினால் தாள் கிடைத்துவிடும். அந்தத் தாள் முரடாகவும் மங்கலாகவும்தான் வரும். ஏன் முன்போல் நல்ல தாளாக வரவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள்; ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகிக்கொண்டே போகிறது, ஆகவே தாளை எல்லையில்லாமல் மறுபயனீடு செய்ய முடியாது என்ற செய்தியை அந்த இடத்தில் சொன்னால் மனத்தில் நிற்கும்.

கேள்வி (சமூகத் தோட்டத் தொண்டூழியர், ஈசூன்): எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளோடு மட்கு உரம் தயாரிக்க ஆசை. நாற்றம் வரும், கொசு வரும், எலி வரும் என்று அக்கம்பக்கத்தார் அஞ்சுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அந்த மூன்று அச்சங்களையுமே பாடமாக்கிவிடுங்கள் என்பேன்.

நாற்றத்திற்குக் காரணம் காற்றில்லாமையும் ஈர மிகுதியும். காய்கறித் தோல், பழத்தோல் போன்ற ஈரப்பொருள் ஒரு பங்கு என்றால், காய்ந்த இலை இரண்டிலிருந்து மூன்று பங்கு போடுங்கள். இதைச் சொல்லிக் கொடுப்பதைவிட, இரண்டு வாளிகளை வைத்து ஒன்றில் சரியான கலவையையும் மற்றொன்றில் காய்கறித் தோலை மட்டுமே அடைத்தும் மூடிவைத்து, ஒரு வாரம் கழித்துப் பிள்ளைகளை மோந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் வெப்பத்தில் வேறுபாடு அதற்குள் நன்றாகவே தெரிந்துவிடும். கலவையைக் கையில் எடுத்து அழுத்தினால் பிழிந்த துணியைப் போல ஈரம் தெரிய வேண்டும், ஆனால் நீர் சொட்டக்கூடாது. வாரம் இருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையோடு கருப்பாக உரம் கிடைக்கும்.

எலியைப் பெரிதும் இழுப்பவை சமைத்த உணவும் இறைச்சியும் எண்ணெயும். அவற்றைச் சேர்க்கக்கூடாது என்ற விதியைப் பிள்ளைகளே எழுதி வாளியில் ஒட்டட்டும். பெரியவர் ஒருவர் மீதிச் சோற்றைக் கொட்ட வந்தால் அவர்களே தடுத்துவிடுவார்கள்.

கொசுதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டிய இடம். இருபது காசு நாணயத்தின் அளவு தேங்கிய நீரே, டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடப் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரந்தான். காய்ந்த இடத்தில்கூட அந்த முட்டைகள் ஒன்பது மாதங்கள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே வாளியின் மூடி, பூந்தொட்டித் தட்டு, கவிழ்க்காமல் விட்ட குவளை ஆகியவற்றைத் தேடும் வேலையை ஒவ்வொரு சந்திப்பின் முதல் ஐந்து நிமிடமாக வையுங்கள். பிள்ளைகளின் கண் நம் கண்ணைவிடத் தாழ்வான உயரத்தில் இருப்பதால் நாம் தவறவிடுவதை அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி (அதே அன்பர்): இயற்கை வனப்பகுதியில் பிள்ளைகள் இலை, பூ பறித்து வரலாமா? குரங்குக்குப் பழம் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் செடிகொடிகளைப் பறிப்பது சட்டப்படி குற்றம். வனவிலங்குகளுக்கு உணவளிப்பது 2020 முதல் தீவு முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இலையின் நரம்பைத் தாளில் படியெடுக்க வேண்டுமென்றால், இலை மரத்திலேயே இருக்க, அதன்மேல் தாளை வைத்து மெழுகு வண்ணக்கோலால் தேய்க்கலாம்.

கேள்வி (தொடக்கப்பள்ளி ஆசிரியர், ஜூரோங்): தொடக்கநிலை நான்கு மாணவர்களுக்கு நீர் பற்றி ஒரு பயிலரங்கு வேண்டும். "குழாயை மூடுங்கள்" என்பதைத் தாண்டி என்ன செய்யலாம்?

பதில்: நல்ல கேள்வி. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி; அதில் பெய்யும் மழை கால்வாய்கள் வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. அப்படியானால் உங்கள் பள்ளித் திடலில் விழும் மழையும் குடிநீராகக்கூடும். இந்த ஒரு செய்தியை மாணவர்கள் கையால் உணரும்படி செய்தால் போதும்.

ஒன்றரை லிட்டர் போத்தல்கள் மூன்றை எடுத்து, படுக்கவைத்து, மேல்பக்கத்தை நீளவாக்கில் வெட்டி, மூன்றிலும் ஒரே அளவு மண்ணை நிரப்புங்கள். முதலாவதில் வெறும் மண் மட்டும் இருக்கட்டும். இரண்டாவதன்மேல் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். மூன்றாவதில் வெந்தயத்தை நெருக்கமாக விதைத்துப் பத்து நாள் வளர விடுங்கள், மாணவர்களே விதைக்கட்டும். பிறகு மூன்றையும் வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து, வாயருகே தெளிந்த குவளைகளை வைத்து, ஒரே அளவு நீரைப் பூவாளியால் ஊற்றச் சொல்லுங்கள். வெறும் மண்ணிலிருந்து செம்பழுப்புச் சேற்றுநீர் உடனே கொட்டும். வெந்தயம் வளர்ந்த போத்தலிலிருந்து நீர் தாமதமாகவும் ஓரளவு தெளிவாகவும் வரும். எந்தக் குவளை நீரைச் சுத்திகரிப்பது எளிது என்று கேளுங்கள், பதில் தானாக வரும். எந்த நீரையும் குடித்துப் பார்க்க மட்டும் விடாதீர்கள்.

இதை முடித்த வாரமே அவர்களை பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்திற்கு நேராக ஓடிக்கொண்டிருந்த காங்கிரீட் கால்வாயை உடைத்து, காலாங் ஆற்றை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். வெந்தயப் போத்தலில் கண்டதை அந்தக் கரைப் புல்லில் அவர்களாகவே அடையாளம் காண்பார்கள். மழை வரும் அறிகுறி தெரிந்தாலோ அபாய ஒலி கேட்டாலோ கரையிலிருந்து உடனே மேலேறிவிட வேண்டும்.

கேள்வி (தந்தை, உட்லண்ட்ஸ்): குடும்பமாகச் சதுப்புநிலக் காட்டைப் பார்க்க எப்போது போவது நல்லது?

பதில்: சுங்கை புலோ உங்களுக்குப் பக்கம். 2002இல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியா போன்ற வடபகுதிகளிலிருந்து உப்புக்கொத்தி, பவளக்காலி முதலிய பறவைகள் அங்கே வந்து தங்கும். கடல்நீர் வற்றும் நேரத்தை முன்கூட்டிப் பார்த்துச் சென்றால், சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களையும் அவற்றுக்கிடையே துள்ளும் சேற்று மீன்களையும் பிள்ளைகள் காணலாம். புலாவ் உபின் தீவின் செக் ஜாவா சதுப்புநிலத்துக்குப் போவதாயிருந்தால், நீர்மட்டம் அரை மீட்டரோ அதற்குக் குறைவாகவோ இறங்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். சுங்கை புலோவில் உப்புநீர் முதலைகள் உண்டு. நடைபாதையைவிட்டு இறங்காதீர்கள், கைப்பிடிமேல் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி (பெற்றோர் ஆதரவுக் குழு உறுப்பினர், செங்காங்): மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியில் எதைப் போடுவது என்று விளையாட்டாகச் சொல்லித் தருகிறோம். அதெல்லாம் கடைசியில் எங்கே போகிறது என்று பிள்ளைகள் கேட்டால்?

பதில்: உண்மையைச் சொல்லுங்கள். நீலத் தொட்டிகளில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு உணவு, திரவம், மறுபயனீடு செய்ய முடியாத பொருள்கள் ஆகியவற்றால் கெட்டுப்போனது. மற்றக் குப்பை எரிக்கப்பட்டு, கன அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, சாம்பலாகப் படகில் செமாக்காவ் குப்பை நிரப்புநிலத்துக்குப் போகிறது. 1999இல் இயங்கத் தொடங்கிய அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. இப்போது தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் காலம் அது.

விளையாட்டில் படங்களுக்குப் பதிலாக உண்மைப் பொருள்களையே வையுங்கள்: மீதி மைலோ உள்ள டப்பா, எண்ணெய் ஊறிய உணவுப்பொட்டலத் தாள், பயன்படுத்திய மெல்லிழைத்தாள். டப்பாவை அலசினால் போடலாம், மற்ற இரண்டையும் போடக்கூடாது. படம் போட்ட அட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியாது.

கேள்வி (பாட்டி, தோ பாயோ): என் பேரன் மண்ணைத் தொடவே மாட்டேன் என்கிறான். வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கையில் ஒரு கரண்டியையோ உருப்பெருக்கியையோ கொடுத்து, பக்கத்தில் நீங்கள் வெறுங்கையால் வேலை செய்யுங்கள். சில பிள்ளைகளுக்கு ஈர மண் படுவதே தாங்க முடியாத உணர்வாக இருக்கும். காய்ந்த விதைகளில் தொடங்கலாம்.

கேள்வி (பல ஆசிரியர்கள்): வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தை அமர்த்துவதாயிருந்தால் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

பதில்: முதலில் பொருள்பட்டியலைக் கேளுங்கள். பயிலரங்கு முடிந்ததும் அவற்றில் எவை குப்பைக்குப் போகும் என்பதை அவர்களே குறித்துத் தரட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்யுமா, அல்லது ஒருவர் செய்ய மற்றவர்கள் பார்ப்பார்களா என்பது அடுத்தது. பாலர் வகுப்பென்றால், வெளியில் நடக்கும் பகுதியைக் காலை பத்து மணிக்குமுன் முடித்துவிட ஒப்புக்கொள்கிறார்களா, மின்னல் எச்சரிக்கையோ புகைமூட்டமோ வந்தால் உள்ளே நடத்த மாற்றுத் திட்டம் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கடைசியாக, அவர்கள் போன பிறகு வகுப்பறையில் வளரவோ மாறவோ கூடிய எதை விட்டுச்செல்வார்கள், அதைப் பராமரிக்க உங்களுக்கு யார் சொல்லித் தருவார்கள் என்று கேளுங்கள். இதற்கு விடையில்லையென்றால் அந்தப் பணத்தில் நான்கு பூந்தொட்டியும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வாங்கிக்கொள்ளலாம். நடுவதற்கு உங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்துக்காரர்கள் மகிழ்ச்சியோடு வந்து உதவுவார்கள்.