முதிய நாய்க்கு வீட்டிலேயே தின்பண்டம்: உலர்த்தும் இயந்திரம் வாங்கினால் பணம் மிஞ்சுமா?

கேள்வி: வணக்கம். எங்கள் வீட்டு நாய்க்கு 12 வயது, எடை 12 கிலோ. மூட்டுவலி தொடங்கியிருக்கிறது, கடைவாய்ப் பற்கள் சில ஆடுகின்றன. எடை ஏறினால் மூட்டு தாங்காது என்பதால் நாளொன்றுக்கு 600 கிலோகலோரிக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். கடையில் விற்கும் உலர்ந்த கோழிக்கறித் துண்டுகள் என்றால் அவனுக்கு உயிர். 100 கிராம் பொட்டலத்தில் 330 கிலோகலோரி என்று அச்சிட்டிருக்கிறார்கள். மூன்று நாளில் ஒரு பொட்டலம் தீர்ந்துவிடுவதால் மாதத்துக்கு 10 பொட்டலம் வாங்குகிறேன். ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு இது கனமான செலவு. 100 கிராம் உலர்ந்த துண்டுகளுக்கு வேண்டிய பச்சைக் கறியை நானே வாங்கினால் ஒரு பொட்டலத்தின் விலையில் கால் பங்குதான் ஆகிறது. உலர்த்தும் இயந்திரத்தின் விலை 20 பொட்டலங்களின் விலைக்குச் சமம். மாதம் ஏழரைப் பொட்டலத்தின் பணம் மிஞ்சும். மூன்று மாதத்துக்குள் போட்ட முதல் திரும்பிவிடும் என்பது என் கணக்கு. அவனுடைய மருத்துவச் செலவுக்கென்று சேர்த்துவைத்த தொகையிலிருந்து பணம் எடுத்து இதை வாங்கலாமா? கூடுதலாகச் செய்து தெரிந்தவர்களுக்கு விற்றால் எடுத்த தொகையைச் சீக்கிரம் ஈடுகட்டிவிடலாம் அல்லவா?

பதில்: தின்பண்டத்தை வீட்டிலேயே செய்யத் தொடங்குங்கள். ஆனால் இயந்திரம் வேண்டாம், மருத்துவத் தொகையிலும் கை வைக்க வேண்டாம். உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை ஏதும் இல்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்ற இடத்தில்தான் கணக்கு தடம் மாறியிருக்கிறது. ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதால், நீங்கள் செய்ததுபோலவே பொட்டலத்தையே நாணயமாக வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

செலவைக் குறைக்க வேண்டும் என்று வருபவர்களிடம் நான் விலையைக் கேட்பதற்கு முன் அளவைக் கேட்பது வழக்கம். தின்பண்டம் எதுவானாலும் அது நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. உங்கள் நாய்க்கு அது 60 கிலோகலோரி. நீங்கள் இப்போது கொடுப்பதோ நாளொன்றுக்கு 33 கிராம், அதாவது 110 கிலோகலோரி. மொத்த உணவில் ஏறத்தாழ 18 சதவீதம். வரம்புக்குள் வர வேண்டுமானால் அதே கடைத் துண்டுகளில் 18 கிராம் போதும். அப்படிக் கொடுத்தால் மாதத்துக்கு 10 பொட்டலம் என்பது ஐந்தரையாகக் குறைந்துவிடும். அடுப்பைப் பற்றவைக்காமலேயே, எதையும் புதிதாக வாங்காமலேயே, நாலரைப் பொட்டலத்தின் பணம் உங்கள் கையில் நின்றுவிடுகிறது.

மருத்துவர் அளவு சொல்லாத நிலையில் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நாயின் எடையை கிலோவில் எடுத்து, அதன் முக்கால் அடுக்கைக் (கணிப்பானில் எடை^0.75) கண்டு, 70ஆல் பெருக்கினால் ஓய்வு நிலையில் அதற்குத் தேவைப்படும் கிலோகலோரி கிடைக்கும். 12 கிலோ நாய்க்கு அது ஏறத்தாழ 450. அதிகம் ஓடியாடாத முதிய நாய்க்கு அதைப் போல 1.2 முதல் 1.4 மடங்கு வரை வைத்துக்கொள்வது நடைமுறை. இது தொடக்கக் கணிப்பு மட்டுமே. மாதம் ஒருமுறை எடை பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நிதி ஆலோசகரான நான் நாயின் எடையைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். நாய் உணவு தயாரிக்கும் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் நாய்களை இரண்டிரண்டாக இணைத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்து நடத்திய ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. ஒவ்வொரு இணையிலும் ஒரு நாய்க்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாக உண்டு மெலிந்திருந்த நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டி வாழ்ந்த வயது) 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மெலிந்த நாய்களுக்கு மூட்டுத் தேய்மானத்துக்கான சிகிச்சையும் தாமதமாகத்தான் தேவைப்பட்டது. மூட்டுவலி மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால், தின்பண்டத்தில் மிஞ்சும் பணம் சிறு தொகைதான். ஆகவே அளவைக் குறைப்பதால் கிடைக்கும் ஆதாயத்தின் பெரும் பகுதி உங்கள் மாதாந்தரக் கணக்கில் எந்தக் காலத்திலும் ஒரு வரியாகத் தெரியாது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். இன்று ஆகும் 10 பொட்டலச் செலவை இயந்திரம் வாங்கிய பின் ஆகும் இரண்டரைப் பொட்டலச் செலவோடு ஒப்பிட்டு, ஏழரை மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலீடு எதுவாயினும் அதைக் கைவசம் உள்ள அடுத்த நல்ல வழியோடுதான் ஒப்பிட வேண்டும். இங்கே அடுத்த நல்ல வழி ஒரு சாதாரணப் பாத்திரத்தில் கறியை வேகவைப்பது. தோல் நீக்கிய பச்சைக் கோழி நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 120 கிலோகலோரி உண்டு. எனவே நாளுக்கு 60 கிலோகலோரி என்றால் மாதம் முழுவதற்கும் ஒன்றரைக் கிலோ பச்சைக் கறி போதும். நீங்கள் சொல்லும் விலைவிகிதப்படி அதற்கு ஒன்றரைப் பொட்டலத்தின் விலைகூட ஆகாது. அளவைச் சரிசெய்து வேகவைத்துக் கொடுத்தால் ஒன்றரை. அளவைச் சரிசெய்து இயந்திரத்தில் உலர்த்திக் கொடுத்தாலும் அதே ஒன்றரை, கூடவே பல மணி நேர மின்சாரமும், 20 பொட்டலங்களின் விலையும். வேகவைப்பதோடு ஒப்பிடும்போது இயந்திரம் மிச்சப்படுத்தும் தொகை பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. முதல் திரும்பும் காலம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உலர்த்துவதன் பயனே பண்டம் அலமாரியில் நெடுநாள் கெடாமல் இருப்பதுதான். பச்சைக் கோழிக்கறியில் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். அதை வெளியேற்றத்தான் இயந்திரமும் மின்சாரமும். கடைக்காரருக்கு அது அவசியம். பற்கள் ஆடும் முதிய நாய்க்கோ மென்மையான, ஈரமான உணவுதான் இதம். போதிய நீர் உடலுக்குள் போவதும் நல்லது. அதற்கு நன்மை தரும் நீரை நீங்கள் காசு கொடுத்து ஆவியாக்குவானேன்? மேலும், கோழிக்கறியை உலர்த்துவதற்கு முன் அதன் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும்படி சூடாக்க வேண்டும்; இல்லாவிட்டால் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பிழைத்துவிட வாய்ப்புண்டு. எப்படியும் வேகவைத்தாக வேண்டிய கறியை அதன்பின் எதற்கு உலர்த்த வேண்டும் என்பதே என் கேள்வி.

அந்த 60 கிலோகலோரி முழுவதையும் கறியாகவே கொடுக்கத் தேவையில்லை. பாதியைக் காய்கறிக்கு மாற்றினால் செலவு இன்னும் இறங்கும், நாயின் வயிறும் நிறையும். வேகவைத்த கோழிக்கறி 18 கிராம் என்றால் 30 கிலோகலோரி. மீதி 30க்கு வேகவைத்த கேரட் 80 கிராம் வரை தரலாம்; வேகவைத்த பரங்கிக்காய் என்றால் 150 கிராம்; சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்றால் 35 கிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பீனட் பட்டராகக் கொடுத்தால் ஒரு தேக்கரண்டியிலேயே அந்த 30 முடிந்துவிடும். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். கறியை ஒரு சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக நறுக்கினால் துண்டு ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும். ஆக நாளைக்கு 18 துண்டுகள். நாய்க்குத் துண்டின் பருமனைவிட நம் கை எத்தனை முறை நீண்டது என்பதுதான் பெரிது என்பதால், முன்பு கொடுத்ததைவிட அதிக முறை கொடுத்தும் வரம்புக்குள்ளேயே இருக்கலாம். இந்தத் தின்பண்டத்தின் கலோரியை 600க்குள் அடக்க வேண்டும். வழக்கமான உணவு 540 கிலோகலோரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை 175 கிராம் பச்சைக் கறியை வேகவைத்தால் ஏழு நாளுக்கு வரும். வெந்த கறி ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள்தான் தாங்கும் என்பதால் மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் கீழே வைத்து, மீதியை நாள்வாரியாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது கிராம் கணக்கில் காட்டும் சமையல் தராசு. கண் மதிப்பில் போடுகிற கைப்பிடி, அன்பு மிகுந்த வீடுகளில் வாரத்துக்கு வாரம் பெருத்துக்கொண்டே போகும்.

ஒரு பெரிய எச்சரிக்கை: வீட்டுச் சமையலில் மிச்சமாகும் பணம் அனைத்தையும் ஒரே கவனக்குறைவு விழுங்கிவிடக்கூடும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சைலிட்டால் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்தி, கல்லீரலையும் பாதிக்கும். சாக்லேட்டும் மக்காடமியா கொட்டையும் கூடவே கூடாது. கடையில் விற்கும் சூப் கட்டிகளில் வெங்காயத் தூளும், சில வகை பீனட் பட்டரில் சைலிட்டாலும் இருக்கும் என்பதால் உறையின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் சேர்க்க வேண்டாம். சமைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கக்கூடியது, அதையும் தவிர்த்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வேன். இந்த வயதில் சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியிருந்தால், பாஸ்பரஸ் குறைந்த தனி உணவை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். அப்படிப்பட்ட உணவுக்குக் கூடுதல் விலை கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே கோழிக்கறியையும் தாராளமாக ஊட்டினால், முதற்செலவு அப்படியே வீண். கணையத்தில் கோளாறு இருந்தால் கொழுப்பின் அளவும் கேள்விக்குள்ளாகும். மேலே சொன்ன கறி-கேரட் பங்கீட்டை மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தின்பண்டம் நன்றாக வந்துவிட்டால், முழு உணவையும் வீட்டிலேயே சமைத்து இன்னும் மிச்சப்படுத்தலாமே என்ற எண்ணம் அடுத்து வரும். அதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவில், அவற்றில் 95 சதவீதக் குறிப்புகளில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. நாளின் உணவில் பத்தில் ஒரு பங்கான தின்பண்டத்தில் சத்துச் சமநிலை இல்லாவிட்டால் பாதகமில்லை. பத்தில் பத்திலும் இல்லாவிட்டால் அதற்கான செலவு வேறு வடிவத்தில் வந்து நிற்கும்.

இப்போது பணத்தைப் பார்ப்போம். முன்பு மாதத்துக்கு 10 பொட்டலம். இனி கறி, காய்கறி, எரிபொருள் எல்லாம் சேர்த்து ஒன்றரைப் பொட்டலத்தின் விலை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் எட்டரை மிஞ்சுகிறது. இந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் கரையவிடாமல், ஓய்வூதியம் வரும் அன்றே நாயின் மருத்துவத் தொகை இருக்கும் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். எவ்வளவு சேர வேண்டும் என்பதற்கு மருத்துவரிடமே மூன்று மதிப்பீடுகள் கேளுங்கள்: மயக்க மருந்து கொடுத்து ஆடும் பற்களை எடுக்க எவ்வளவு, முழு இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எவ்வளவு, சில நாள் உள்நோயாளியாக வைத்தால் எவ்வளவு. மூன்றில் பெரியதை முதல் இலக்காக வையுங்கள். அந்தத் தொகை என்றைக்கு வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாததால் பங்குச் சந்தையிலோ, இடையில் எடுத்தால் அபராதம் விதிக்கும் வைப்பிலோ போடுவது பொருந்தாது. வட்டி குறைவானாலும் மறுநாளே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கே இதற்குச் சரி. செல்லப்பிராணிக் காப்பீட்டை இப்போது புதிதாக எடுக்க நினைத்தால், சேர்வதற்கான வயது வரம்பையும், ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கும் விதியையும் முதலில் படியுங்கள். மூட்டுவலியும் பல் ஆட்டமும் பதிவாகிவிட்ட நாய்க்கு, எந்த நோய்க்காகப் பணம் தேவைப்படுமோ அந்த நோய் விலக்குப் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக விற்பனை. விற்பதற்கென்று செய்யும் விலங்கு உணவுக்குப் பல நாடுகளில் பதிவும் உறையில் முழு விவரமும் கட்டாயம். யாருடைய நாய்க்காவது உடம்புக்கு வந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். உங்கள் உழைப்புக்கு ஒரு மணி நேரக் கூலி என்று ஒரு தொகையைச் சேர்த்துக் கணக்கிட்டாலே லாபம் எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்துவிடும். மருத்துவத் தொகையைத் தொடாவிட்டால் ஈடுகட்ட வேண்டிய பணமே இல்லை என்பதால், இந்த யோசனைக்கு இப்போது தேவையும் இல்லை.