முதுகலைத் தொல்லியலில் வரலாறும் கோட்பாடும் எதற்கு?

தொல்லியல் கோட்பாடு என்பது, கிடைத்த பொருளிலிருந்து ஒரு முடிவுக்கு எப்படி வருகிறோம், அந்த வழி சரிதானா என்று கேட்பது. துறையின் வரலாறு, முன்னோடிகள் எதைத் தேடினார்கள், ஏன் தேடினார்கள் என்று பார்ப்பது.

பானை ஓடு தானாகப் பேசாது; நாம் கேட்கும் கேள்விக்குத்தான் பதில் தரும். வீட்டுக் கணக்கு நோட்டில் கடனைத் தேடுபவர் கண்ணுக்குக் கடன்தான் படும், அந்த வீட்டார் என்ன சாப்பிட்டார்கள் என்பது படாது. அப்படித்தான் இதுவும்.

புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். ஏற்கெனவே காலம் தெரிந்த இத்தாலிய மட்கலத் துண்டுகளைக் கொண்டு மண்ணடுக்குகளுக்குக் காலம் குறித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது பெரிய உதவி. ஆனால் ரோமானிய வணிகத்தால்தான் அந்த ஊரே உருவானது என்ற எண்ணமும் கூடவே வேரூன்றிவிட்டது. அப்புறம் 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டியபோது, அந்த வணிகத்துக்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தது தெளிவானது. மண் அதேதான், கேள்விதான் மாறியது.

கோட்பாடு, களத்துக்குப் போகாதவர்களுக்கான பாடம் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் எங்கே குழி போடுவது, எதைச் சலித்து எடுத்து வைப்பது என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது.