ரத்தம் யார் கணக்கில்? குத்துச்சண்டை விதிகள்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பயிற்சி எடுக்கிறவர்களும் பெற்றோரும் கேட்டவை.

நெல்லித்தோப்பு: மாஸ்டர், எதிராளி தலை முட்டிப் புருவம் கிழிஞ்சு சண்டையை நிறுத்திட்டா, கிழிஞ்சவன்தான் தோத்தவனா?

இல்லை தம்பி. ஆனால் ரெஃபரி அந்த நொடியில் என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குத்தில் கிழிந்தது என்றால் எதிராளிக்கு டிகேஓ வெற்றி, அதாவது தொடர முடியாமல் சண்டையை நிறுத்தியதால் கிடைக்கும் வெற்றி. தெரியாமல் தலை முட்டியது என்றால், அமெரிக்கத் தொழில்முறைப் பொதுவிதிப்படி 4 ரவுண்டு முடிவதற்குள் நிறுத்தினால் முடிவில்லை. 4 முடிந்திருந்தால், பாதியில் நின்ற ரவுண்டையும் சேர்த்து ஜட்ஜ்களின் பாயிண்ட் பார்ப்பார்கள். 2002 ஜூனில் ஹெவிவெயிட் வீரர் ஹோலிஃபீல்டின் தலை முட்டி, எதிராளி ரஹ்மானின் நெற்றி பந்து மாதிரி வீங்கியது. 8வது ரவுண்டில் சண்டை நின்றது, பாயிண்டில் ஹோலிஃபீல்டு ஜெயித்தார். அதனால் முட்டியதும் உங்கள் கார்னர் (ரிங் மூலையில் நிற்கும் பயிற்சியாளர் குழு) செய்ய வேண்டிய முதல் வேலை, தலை முட்டியதுதான் என்று ரெஃபரி ஜட்ஜ்களுக்குச் சைகை காட்டினாரா என்று பார்ப்பது. காட்டாமல் விட்டால், அடுத்த ரவுண்டில் அதே காயம் குத்துக் காயமாகக் கணக்கில் ஏறிவிடலாம்.

அதே கேள்வியாளர்: தெரியாம முட்டினவனுக்குத் தண்டனையே கிடையாதா?

உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசியின் சண்டைகளில் உண்டு. காயம் படாதவரிடம் 1 பாயிண்ட் குறைப்பார்கள்.

மஞ்சக்குப்பம்: அண்ணே, வேணும்னே செஞ்சாலும் உடனே வெளியே அனுப்ப மாட்டேங்கறாங்களே, ஏன்?

காயத்தால் சண்டை அங்கேயே நின்றால் உடனே தகுதிநீக்கம்தான். தொடர முடிந்தால் 2 பாயிண்ட் குறைப்பு. 1997இல் டைசன் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தபோது முதலில் 2 பாயிண்ட்தான் போனது. மறுபடி கடித்த பிறகே தகுதிநீக்கம். எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத பகுதி இதற்கு அடுத்து வருவது. வேண்டுமென்றே உண்டாக்கிய காயம் முற்றி, 4 ரவுண்டுக்குப் பிறகு சண்டை நின்றால், காயம்பட்டவர் பாயிண்டில் முன்னால் இருந்தால் மட்டுமே வெற்றி. பின்தங்கியிருந்தால் டிரா. தப்பு செய்தவருக்குத் தோல்வியே இல்லை என்றால் அது நியாயமில்லை.

வில்லியனூர்: இடுப்புக்குக் கீழே அடி வாங்கி நடிச்சா?

நடித்து ஜெயிக்க வழியில்லை. 5 நிமிடம் வரை ஓய்வு தருவார்கள், அதற்குள் எழாவிட்டால் அடி வாங்கியவர்தான் டிகேஓவில் தோற்பார். 1930இல் ஷ்மெலிங், ஷார்க்கியின் கீழடியால் விழுந்தபடியே உலகப் பட்டம் வாங்கினார். அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான் கப் (இடுப்புக்குக் கீழே அணியும் காப்பு) கட்டாயமாகி, விழுந்து ஜெயிக்கிற கதவை அடைத்தார்கள். பள்ளிப் போட்டி மாதிரி அமெச்சூரில் ஓய்வு ஒன்றரை நிமிடம்தான். தொப்புள்தான் எல்லைக்கோடு. எதிராளி டிரங்க்ஸை (கால்சட்டையை) அதற்கு மேலே ஏற்றிக் கட்டினால் நல்ல அடியும் கீழடியாகத் தெரியும். ரிங்குக்குள் போகும் முன்பே ரெஃபரியிடம் சொல்லி இறக்க வையுங்கள்.

உப்பளம்: பின்மண்டை அடியைப் பெரிசா எடுத்துக்கறதே இல்லையே மாஸ்டர்?

உண்மை, வேதனையும் அதுதான். ரத்தம் வராது, வீக்கமும் தெரியாது. ஆனால் மூளைத்தண்டும் கழுத்தெலும்பும் இருக்கிற இடம் அது. 2015 அக்டோபரில் பிரிச்சார்ட் கொலோன் என்ற தொழில்முறை வீரர் பின்மண்டையில் அடி வாங்கியதாக ரெஃபரியிடமே முறையிட்டார். அடித்தவருக்கு 1 பாயிண்ட் போனது, டாக்டர் பார்த்தார், சண்டை தொடர்ந்தது. 9வது ரவுண்டு முடிந்ததும், சண்டை முடிந்துவிட்டதென்று நினைத்து கார்னர் கிளவுஸைக் கழற்ற, தகுதிநீக்கம் ஆனது கொலோன். பிறகு மூளையில் ரத்தக்கசிவு, மாதக்கணக்கில் கோமா. அதே சண்டையில் கொலோன் கொடுத்த கீழடிக்கு 2 பாயிண்ட் குறைத்திருந்தார்கள். உயிர்போகும் அடிக்கு அதில் பாதி.

பயிற்சியில் சரிசெய்ய முடிந்ததும் உண்டு. குத்து வரும்போது முகத்தைத் திருப்பிக் குனிகிறவர்தான் பின்மண்டையைத் தானே காட்டுகிறார். முழங்காலை மடக்கி இறங்கணும், கண் எதிராளியின் நெஞ்சை விடக் கூடாது.

திருப்பாதிரிப்புலியூர்: சார், பொண்ணு ஸ்கூல் போட்டிக்குப் போறா. நாங்க என்ன கவனிக்கணும்?

அமெச்சூரில் ரெஃபரியின் ஒவ்வொரு வார்னிங்குக்கும் 1 பாயிண்ட் போகும் அம்மா, மூன்றாவதில் வெளியே. புருவம் கிழிந்தால் சுத்தமான காஸ் வைத்து விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். தலையில் வாங்கிய குத்தால் சண்டையை நிறுத்தித் தோற்றிருந்தால் குறைந்தது 30 நாள் போட்டியும் ஸ்பாரிங்கும் (பயிற்சிச் சண்டையும்) கூடாது. வீட்டுக்கு வந்தபின் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி எடுத்தாலோ, ஒரு கண்ணின் கண்மணி (நடுவில் இருக்கும் கருப்பு வட்டம்) மட்டும் பெரிதாகத் தெரிந்தாலோ, காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைக்காதீர்கள். கடலூர் ஜிஹெச்சோ ஜிப்மரோ, எது பக்கமோ அங்கே அன்றிரவே கொண்டுபோங்கள்.