விதைப்பந்தும் உண்ணிப்புதரும் – கடிதம்

அன்புள்ள சார்,

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் நடுகிறோம். இந்த வருஷம் ஜூலை 29, உலகப் புலிகள் தினத்துக்கு முதுமலையில் விதைப்பந்து வீசலாம் என்று பத்தாயிரம் உருண்டை பிடித்து வைத்திருக்கிறோம். செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கலந்தது. வேம்பு, புங்கன், வாகை விதைகளோடு, கூடலூர் போன நண்பர் ரோட்டோரம் பொறுக்கி வந்த மஞ்சக்கொன்றை விதையும் போட்டிருக்கிறோம். பூ பார்க்க அவ்வளவு அழகு. தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி போகும் வழியில் வண்டியில் போய்க்கொண்டே வீசினால் போதுமா, இறங்கி உள்ளே போக அனுமதி கிடைக்குமா? எந்த மாதம் வீசினால் நன்றாக முளைக்கும்?

இன்னும் இரண்டு சந்தேகம். புலி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்கிறார்களே, நம்பலாமா? காட்டுக்குள் இருக்கும் ஊர்களைக் காலி செய்தால்தான் புலி பிழைக்குமா?

போன மாதம் வேன் சவாரி போனோம். சாலையோரம் புதர் வெட்டியிருந்த கீற்றைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பச்சைப்பசேல் என்று அடர்ந்த காடு. ஆனால் ஒரு மணி நேரத்தில் நாலு மான்தான் கண்ணில் பட்டது. இத்தனை பச்சை இருந்தும் ஏன் சார்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தப் பதில். சில வாரங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். இதைக் கேட்கத் தெரிந்த ஆள் மூட்டை கட்டிக்கொண்டு விதைப்பந்து வீசக் கிளம்பியிருக்கிறாரே என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

மற்றவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன். எண்ணிக்கையை நம்பலாம். இந்தியா முழுவதும் 2006இல் 1,411 என்றார்கள், 2022இல் 3,682. தமிழ்நாட்டில் 76 இருந்தது 306 ஆகியிருக்கிறது. எண்ணும் முறை இது: இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஓர் இடம், அங்கே எதிரெதிராக இரண்டு கேமரா. புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு என்பதால் இரண்டும் வேண்டும். அதற்குமேல் சண்டை போட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஊர்களைக் காலி செய்வது பற்றி ஒரு கடிதத்தின் ஓரத்தில் பதில் சொல்ல மாட்டேன். 2006 வன உரிமைச் சட்டத்தைப் படித்துவிட்டு வாருங்கள், தனியாகப் பேசலாம்.

இனி உங்கள் உருண்டைகள். வீசாதீர்கள். வண்டியில் போய்க்கொண்டும் வேண்டாம், இறங்கியும் வேண்டாம். புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் இறங்குவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. அந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆட்டுப் புழுக்கை என்கிறீர்கள். திருப்பூர்ப் பக்கத்து ஆடு கோடையில் எதைத் தின்கிறது? சீமைக்கருவேலங்காயை. அந்த விதை ஆட்டின் குடலில் செரிக்காமல், முளைக்கத் தயாராக வெளியே வரும். முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே சீமைக்கருவேலம் புகுந்து வனத்துறை தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் பத்தாயிரம் உருண்டையில் எருவும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகிறீர்கள்.

அடுத்தது அந்த மஞ்சக்கொன்றை. நம்முடைய சரக்கொன்றை என்று நினைத்திருப்பீர்கள். இது சென்னா ஸ்பெக்டபிலிஸ், தென்னமெரிக்க மரம். 1980களில் வயநாட்டில் சமூகக் காடு வளர்ப்பில் நிழலுக்கும் அழகுக்கும் வைத்தது. வைத்தவர்களும் உங்களைப் போல நல்ல மனசுக்காரர்கள்தான். இன்று வயநாட்டுச் சரணாலயம், பந்திப்பூர், முதுமலை மூன்றிலும் அதைக் கொல்ல வழி தேடுகிறார்கள். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து கிளை துளிர்க்கும். தண்டைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் பட்டை சீவினால் வெட்டுக்குக் கீழே துளிர்த்துவிடும். இடுப்பளவு உயரத்திலிருந்து, தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துவரை, மண்ணைத் தள்ளிப் பார்த்து, பட்டையை ஒரு நார்கூட விடாமல் உரித்தால்தான் சாகும். அதற்கும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதன் நிழலில் புல் முளைக்காது. இந்த விதையை நீங்கள் ரோட்டோரத்திலிருந்து பொறுக்கி, மண் பூசி, காட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் போடுகிறீர்கள்.

வேம்பு, புங்கன், வாகை மட்டும் போட்டால் சரியா என்று கேட்பீர்கள். அதுவும் தேவையில்லை. முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர்காடு, கிழக்கே போகப் போக முட்காடு. அங்கே மரம் குறைவாக இருப்பது குறையல்ல, அந்தக் காட்டின் அமைப்பே அதுதான். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே புல் இருக்க வேண்டும். பள்ளங்களில் ‘வயல்’ என்று சொல்லும் சதுப்புப் புல்வெளிகள் இருக்க வேண்டும். வெற்றிடம் என்று நீங்கள் நிரப்பப் பார்க்கும் இடம்தான் மானின் சாப்பாட்டு மேசை. கோவையிலும் திருப்பூரிலும் இருந்து வரும் எல்லா மரம் நடும் அன்பர்களுக்கும் இதைத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புலி வாரத்துக்கு ஒரு வேட்டை என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மான். குட்டிகளோடு இருக்கும் தாய்க்கு இன்னும் அதிகம். மான்கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் புலி ஆண்டுதோறும் எடுக்க முடியும், அதைத் தாண்டினால் கூட்டம் சுருங்கும். ஆகவே ஒரு புலிக்குப் பின்னால் 500 குளம்புக்கால் விலங்காவது நிற்க வேண்டும். புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் வெகுகாலமாகச் சொல்லிவரும் கணக்கு இது. 50 கிலோ புள்ளிமான் ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ உலர்தீவனத்துக்குச் சமமாக மேயும். 500 மானுக்கு நாளொன்றுக்கு அரை டன்னுக்கு மேல். இதில் கடமானும் காட்டுமாடும் சேர்ந்தால் எங்கேயோ போய்விடும். 2022 கணக்கில் முதுமலைக்குள் மட்டும் 114 புலி. அத்தனை புலிக்குமான மானுக்கு எத்தனை டன் புல் வேண்டும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த பச்சை புல் இல்லை. லாண்டனா என்கிற உண்ணிச்செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்தது. இந்தியாவின் புலிக்காடுகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் இன்று அது இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அடியில் வெயில் படாமல் மூடிவிடும். வெயில் இல்லாத இடத்தில் புல் செத்துப்போகும். இலையில் இருக்கும் நஞ்சால் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள்காமாலை வரும், தோல் வெயில் தாங்காமல் வெடிக்கும். அதனால் பச்சை இருந்தும் மேய்ச்சல் இல்லை. மான் எங்கே போகும்? சாலையோரத்தில் புதர் வெட்டிவிட்ட கீற்றுக்கும் ஊர் ஓரத்து மைதானத்துக்கும் வரும். பின்னாலேயே புலியும் வரும். பாதையோரம் இரண்டு மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத உண்ணிப்புதர். விறகு பொறுக்கப் போகிற பெண்ணும் புலியும் முட்டிக்கொள்வது இப்படித்தான்.

அழிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் பணம் செலவழித்தும் தோற்ற இடங்களே அதிகம்.

தரைமட்டத்தில் அரிவாளால் வெட்டினால் தோல்வி. வேர்க்கழுத்தில்தான் அதன் துளிர்க்கும் முடிச்சுகள் இருக்கின்றன, மூன்று மாதத்தில் முன்னைவிடப் புதராக நிற்கும். தீ வைத்தாலும் அதே கதை. ஜேசிபி விட்டால் வேர் போகும், ஆனால் மண் புரண்டு அடியில் கிடந்த விதையெல்லாம் மேலே வந்து ஒரே மழையில் பாய் விரித்த மாதிரி முளைக்கும். கூடவே பார்த்தீனியமும். பூச்சி விட்டும் பார்த்தார்கள். 1921இல் பழத்தைத் துளைக்கும் ஈ, 1941இல் இலைச்சாறு உறிஞ்சும் பூச்சி. உண்ணிச்செடி அசரவில்லை.

பலன் தந்தது டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழு வகுத்த முறை. மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில், துளிர்க்கும் பகுதிக்கு அடியில், ஆணிவேரை மட்டும் குந்தாலியால் வெட்டுவது. முழு வேரையும் தோண்ட வேண்டியதில்லை, அதனால் மண்ணும் புரளாது. ஒருவர் வெட்ட, இன்னொருவர் கம்பால் புதரை நெம்பித் தூக்க வேண்டும். தூக்கியதை அப்படியே போட்டால் போச்சு. ஈர மண்ணில் படும் தண்டு வேர்விடும். தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். மரத்தடியில் குவிக்கக் கூடாது. கோடையில் தீ வந்தால் காய்ந்த குவியல் மரத்தையும் சேர்த்துக் கொல்லும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பழம் பழுப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும். பெரிய புதர் ஒன்று ஆண்டுக்கு 12,000 பழம்வரை தரும் என்கிறார்கள். ஒரு மாதம் தாமதித்தால் அத்தனையும் அடுத்த ஆண்டு வேலை.

எங்கே தொடங்குவது என்பதிலும் தவறு நடக்கிறது. எல்லாரும் கண்ணுக்குத் தெரியும் சாலையோரத்தில் தொடங்குகிறார்கள். வயல் ஓரத்திலும் நீர்நிலையைச் சுற்றியும் தொடங்க வேண்டும், அங்கே புல் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கும், தானே பரவும். ஓடையில் மேலிருந்து கீழாக வர வேண்டும், விதை தண்ணீரோடு இறங்கும். ஒரே மூச்சில் ஐம்பது ஹெக்டேரைப் பிடுங்கக் கூடாது. கோடையில் புலியும் காட்டுப்பன்றியும் அந்தப் புதருக்குள்தான் படுக்கின்றன. துண்டு துண்டாக எடுத்து, நடுவில் விட்டுவைத்து, புல் பிடித்தபின் மிச்சத்துக்குப் போக வேண்டும். புல் தானாக வராத இடத்தில் அதே காட்டு வயலில் இருந்து விதையும் தூரும் எடுத்து நட வேண்டும், வெளியூர்த் தீவனப்புல் வேண்டாம். முதல் வருஷம் வேலி வேண்டும், இல்லையென்றால் வேர் பிடிக்குமுன்னே மான் பிடுங்கித் தின்றுவிடும்.

கர்நாடகத்துப் பிலிகிரி ரங்கன் மலையின் சோலிகர் பழங்குடிகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். முன்பு ஆண்டின் தொடக்கத்தில் சருகுக்குச் சின்னத் தீ வைப்பார்களாம், உண்ணி நாற்று அதில் கருகிவிடுமாம். அந்தப் பழக்கத்தைச் சட்டம் நிறுத்தியபின் புதர் ஏறியது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உண்மை இருப்பதாகவே படுகிறது. ஆனால் இன்றைக்கு அந்தத் தீயை வைக்க முடியாது. ஆள் உயர உண்ணிப்புதர் ஏணி மாதிரி தீயை மரத்தின் தலைக்கு ஏற்றிவிடும். உண்ணித் தண்டில் நாற்காலி செய்கிறார்கள், கூடலூரில் ஆள் உயர யானைகளே செய்தார்கள். நல்லது, கூலி கிடைக்கிறது. ஆனால் தண்டை எடுத்துவிட்டு வேரை விட்டால் காட்டுக்கு அதனால் ஒன்றுமில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் கெட்டுப்போவது இரண்டாம் ஆண்டில். அடுத்த மழைக்கு நாற்று முளைக்கும். குறிப்பாக, உண்ணிப்பழம் தின்ற சின்னானும் மைனாவும் உட்கார்ந்து எச்சமிடும் மரங்களின் அடியில். அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும். அதற்கடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும். நாற்றாக இருக்கும்போது ஒரு பெண் ஒரு நாளில் பிடுங்குவதை, புதரானபின் ஒரு குழுவே பல நாள் வெட்ட வேண்டும். முதல் வருஷ வேலைக்குப் பணம் வரும், போட்டோ வரும், அமைச்சர் வருவார். மூன்றாம் வருஷக் கைக்களை எடுப்புக்கு ஒரு பயல் வரமாட்டான். 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைச்செடிகளுக்கென்றே கொள்கை வெளியிட்டது, அதற்காக வரவேற்கிறேன். ஆனால் ஒரு காப்பகத்தில் எவ்வளவு ஹெக்டேர் அகற்றினோம் என்று சொல்கிறார்களே தவிர, அதில் எவ்வளவு மூன்று ஆண்டு கழித்தும் புல்லாக இருக்கிறது என்று சொல்வதில்லை. எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண்.

உங்கள் உருண்டைகளை உடைத்து, மஞ்சக்கொன்றை விதையைச் சலித்து எடுத்துக் கொதிநீரில் போட்டு அவித்துவிடுங்கள், கொதிநீரில் சும்மா முக்கி எடுத்தால் இன்னும் நன்றாக முளைக்கும். புழுக்கை கலந்த மண்ணைத் தொட்டியில் பரப்பித் தண்ணீர் விட்டு, முளைப்பதைப் பார்த்துப் பிடுங்குங்கள். வேம்பும் புங்கனும் திருப்பூருக்குத்தான் வேண்டும், நொய்யல் கரையில் இடமிருக்கிறது. அங்கேயும் பந்து வேண்டாம். நாற்றாக்கி, குழி எடுத்து, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று சுணங்க வேண்டாம், தம்பி. ஆறு நாள் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு ஏழாம் நாள் காட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களைத் திட்ட எனக்கும் மனசு வரவில்லை. பணமாகத் தர முடியுமென்றால், முதுமலை புலிகள் காப்பகத்துக்கு என்று சட்டப்படி ஓர் அறக்கட்டளை இருக்கிறது. அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் உண்ணி அகற்றிய பகுதி எது, இந்த மழைக்கு அங்கே களை எடுக்க ஆள் இருக்கிறதா, கூலி எவ்வளவு, வேலை உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்குப் போகுமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தபின் பணம் அனுப்புங்கள். புது இடத்தில் அகற்றப் போகிறோம் என்று பதில் வந்தால், பழைய இடம் என்ன ஆயிற்று என்று மறுபடியும் கேளுங்கள்.