தேத்தண்ணி தண்ணிக் கணக்கில சேருமா? உங்கட கேள்விகளுக்கு பதில்

கச்சான் எண்ட வெக்கைக் காத்து தொடங்கின நாளில இருந்து வாற கேள்வி முக்கால்வாசி தண்ணியைப் பத்தித்தான். ஒரே மாதிரி வந்ததுகளை ஒண்டாக்கி, அஞ்சுக்குப் பதில் எழுதுறன்.

நிலாவெளி, மேசன் வேலை, வயசு 36: ஒரு நாளைக்கு ஏழெட்டு பிளேன்டீ (பால் விடாத தேத்தண்ணி) குடிப்பன், தண்ணி ரெண்டு கிளாஸ்தான். தேத்தண்ணி எல்லாம் சலமாப் போயிரும், கணக்கில வராது எண்டு மனிசி சொல்றா. சரியா?

வரும் தம்பி, கட்டாயம் வரும். பிளேன்டீயில கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணிதானே. தேத்தண்ணியில இருக்கிற கஃபீன் சலத்தைக் கூட்டும் எண்டதில உண்மை இருக்கு, ஆனா அது பழக்கமில்லாத ஆக்களுக்கும் ஒரேயடியா நிறையக் குடிக்கிற ஆக்களுக்கும்தான், உங்களை மாதிரி வருசக்கணக்காக் குடிக்கிற உடம்பு அதுக்குப் பழகியிரும். 2011 இல வந்த ஒரு பிரித்தானிய ஆய்வில 21 ஆம்பிளைகளுக்கு ஒரு தடவை நாலு இல்லாட்டி ஆறு மக் தேத்தண்ணியும் இன்னொரு தடவை அதே அளவு கொதிச்ச தண்ணியும் குடுத்து ரத்தத்தையும் சலத்தையும் சோதிச்சுப் பாத்தாங்க, சொல்லும்படியா வித்தியாசம் ஒண்டும் இல்ல.

எனக்குப் பயம் சீனிக்குத்தான். கடைப் பிளேன்டீயைக் குடிச்சு முடிக்க கிளாஸ் அடியில கரையாம சீனி நிக்கும் பாருங்க, அதைக் கரண்டியால வழிச்சுச் சாப்பிடுற ஆக்களும் இருக்கு. கிளாஸுக்கு ரெண்டு தேக்கரண்டி எண்டாலே 10 கிராம், எட்டுக் கிளாஸுக்கு 80 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழ, முடிஞ்சா 25 எண்டு சொல்லுது.

மற்றது, அளவும் உங்களுக்குக் காணாது. 150 மில்லிக் கிளாஸில எட்டு 1.2 லீட்டர், ரெண்டு கிளாஸ் தண்ணியை 200 மில்லிக் கிளாஸ் எண்டு சேத்தாலும் 1.6 தான் வருது. ஐரோப்பிய அளவில ஆம்பிளைக்குச் சாப்பாட்டில இருக்கிற ஈரத்தோட சேத்து 2.5 லீட்டர், பொம்பிளைக்கு 2, அதுவும் வெக்கை இல்லாத இடத்துக்கு. வெயில்ல சாந்து குழைக்கிற ஆளுக்கு இன்னும் வேணும். ஒன்றரை லீட்டர் போத்தல் ஒண்டை வேலைக்குக் கொண்டு போங்க, சலம் வெளிர் மஞ்சளாப் போனா சரி, தேத்தண்ணிச் சாயம் மாதிரிப் போனா உடன குடியுங்க.

உவர்மலை: அப்பாவுக்குக் கிட்னி பழுது, ஒரு நாளைக்கு ஒரு லீட்டர்தான் எண்டு கிளினிக்கில சொன்னவங்க. ஒரு போத்தல் தண்ணி அளந்துதான் குடிக்கிறார், தேத்தண்ணி மட்டும் வேற. ஆனாலும் கால் வீங்குது.

இந்தக் கேள்வியை வாசிச்சிட்டு எனக்கு மனசு சரியில்ல, ஏனெண்டா "தேத்தண்ணி கணக்கில வராது" எண்ட கதை உண்மையா ஆளைக் கெடுக்கிறது இந்த இடத்திலதான். மகள், அந்த ஒரு லீட்டருக்குள்ள தேத்தண்ணி, கஞ்சி, சொதி, ரசம், ஐஸ், குளிசை போடக் குடிக்கிற தண்ணி எல்லாம் அடக்கம். என்ட சித்தப்பாவுக்கும் இதே பிரச்சினை, எவ்வளவு சொல்லியும் கேக்கேல்ல. பிறகு காலமையே போத்தலை நிரப்பி வச்சிட்டு, அவர் ஒவ்வொரு தேத்தண்ணி குடிக்கவும் அதே கோப்பையால போத்தல் தண்ணியை அளந்து முத்தத்துச் செவ்வரத்தைக்கு ஊத்தினம். பின்னேரம் போத்தல் அடியில நாலு விரல் தண்ணி நிண்டதைக் கண்ணால கண்ட பிறகுதான் மனுசன் நம்பினார்.

இளநி சூட்டுக்கு நல்லம் எண்டு அவருக்கு வெட்டிக் குடுக்காதீங்க. அதில 100 மில்லிக்கு 200–250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கு, பழுதான கிட்னியால அதை வெளிய தள்ள ஏலாது, கூடினா இதயத் துடிப்பே குழம்பும். கால் வீக்கத்தை அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் வச்சிருக்காம கொண்டு போய்க் காட்டுங்க. மூச்சு வாங்கினா அந்த நிமிசமே.

கிண்ணியா: நோன்பு காலத்தில விடிய முன்னம் சாப்பிடுற சஹருக்குத் தேத்தண்ணி குடிச்சா பகல்ல தாகம் கூடுமா?

ஒரு கோப்பையால தாகம் கூடிப் போகாது. தாகத்தைக் கூட்டுறது பெரும்பாலும் கருவாடு, ஊறுகாய், உப்புக் கூடின கறிதான். நோன்புக் கஞ்சியும் நல்ல தண்ணிக் கணக்கு, ஒரு கோப்பையில பெரும் பங்கு தண்ணிதானே. பகல்ல தலையிடிக்கிறது சிலருக்கு கஃபீன் திடீரெண்டு நிண்டதாலயும் வரும், அதுக்கு நோன்பு வரக் கொஞ்ச நாள் முதலே ஒவ்வொரு கோப்பையாக் குறைச்சுக்கொண்டு வாங்க.

மூதூர்: சின்ன மகனுக்கு வயித்தால போகுது. சோடா, பிளேன்டீ குடுக்கலாமா?

சோடா வேணாம், அந்தச் சீனி வயித்தோட்டத்தைக் கூட்டிவிடும். பிளேன்டீயில தண்ணி இருக்கு, ஆனா பிள்ளைக்கு இழந்த உப்பு இல்லையே. பார்மசியில ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற உப்புச் சீனித் தூள்) வாங்கி, ஒரு பக்கெட்டைக் கொதிச்சு ஆறின ஒரு லீட்டர் தண்ணியில கரைங்க, அரைப் பக்கெட் அரை லீட்டர் எண்டு பிரிக்க வேணாம். கொஞ்சம் கொஞ்சமாக் கரண்டியால குடுங்க, 24 மணித்தியாலத்தில மிச்சத்தை ஊத்திருங்க. கண் உள்ளுக்குப் போனா, சலம் போகாம இருந்தா, ரத்தம் போனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

தம்பலகாமம்: மகள் அஞ்சு மாசக் கர்ப்பிணி. தேத்தண்ணியை விடச் சொல்லவா?

முழுக்க விடத் தேவையில்ல அம்மா. கர்ப்பிணிக்கு கஃபீன் 200 மில்லிகிராமுக்குள்ள நிக்கோணும், ஒரு கோப்பையில 40–50 தான் இருக்கு, அதால ரெண்டு மூண்டு கோப்பை பரவாயில்ல. ஆனா கிளினிக்கில குடுக்கிற இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோட விழுங்கிறதை இண்டைக்கே நிப்பாட்டுங்க, சாயம் இரும்பைப் பிடிச்சு வச்சிரும். குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில ரெண்டு மணித்தியாலம் விடுங்க, குளிசையோட ஒரு தேசிக்காய்த் தண்ணி குடுத்தா இன்னும் நல்லம்.