பால்கனி வெப்பமானியும் 0.7 டிகிரியும்

அன்புள்ள ஐயா,

தில்லி மயூர் விஹாரில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். மே மாத மதியம் எங்கள் பால்கனி வெப்பமானி 49 காட்டுகிறது, வானிலைத் துறையோ 43 என்கிறது. எதை நம்புவது? இன்னொன்று. ஒரு நூற்றாண்டில் இந்தியா 0.7 டிகிரிதான் சூடாகியிருக்கிறதாம். "இதற்கா இத்தனை கூப்பாடு?" என்கிறார் என் மைத்துனர். என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகர், தில்லி

அன்புள்ள நண்பருக்கு,

வானிலைத் துறை அளப்பது காற்றின் வெப்பத்தை மட்டும். புல்தரையில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு வெள்ளை மரக்கூண்டு நிற்கும்; வெப்பமானி அதனுள் இருக்கும். பக்கங்களில் சாய்வுப் பலகைகள் வழியே காற்று போய்வரும். திறந்தாலும் வெயில் விழாதபடி கதவு வடக்கே பார்த்திருக்கும். உங்கள் பால்கனியில் சிமெண்டுச் சுவரின் சூடும், ஏசி வெளிப்பெட்டி தள்ளும் அனலும் சேர்ந்துகொள்கின்றன.

துறையின் கருவியும் தவறும். 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 காட்டியது. பிறகு சோதித்ததில் அது 3 டிகிரி அளவுக்குக் கூட்டிக் காட்டுவது தெரிந்தது. அன்று தில்லியின் முதன்மை வானிலை நிலையமான சஃப்தர்ஜங்கில் 46.8. ஆகவே ஒரு நாள் உச்சத்தை வைத்து மைத்துனரிடம் வாதாடாதீர்கள்.

அவர் சொல்லும் 0.7 சரியான எண்தான். 1901 முதல் 2018 வரையிலான கணக்கு. ஆனால் பகல், இரவு, எல்லாப் பருவம், எல்லா மாநிலம் என அனைத்தையும் கூட்டி வகுத்த சராசரி அது. அதுவும் மறைப்பு போட்ட எண். நம் காற்றில் மிதக்கும் புகைத்துகள்கள், குறிப்பாக சல்பேட், வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. கங்கைச் சமவெளியின் பாசன நீர் ஆவியாகும்போதும் காற்று குளிர்கிறது. துகள்கள் மிஞ்சிப்போனால் சில வாரங்களில் படிந்துவிடும். சூடேற்றும் கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். தில்லிக் குழந்தைகளின் நுரையீரலுக்காக அந்தப் புகையைக் குறைத்தே ஆகவேண்டும். குறைத்தால் ஒளிந்திருக்கும் சூடு வெளியே வரும். பாசனத்தின் குளிர்ச்சியும் இலவசமல்ல: ஈரம் ஏறிய காற்றில் வியர்வை உலராது, 40 டிகிரியே உடம்புக்குக் கூடுதலாகிவிடும்.

செய்திகளில் வரும் 'இயல்பு' என்ற எண்ணையும் கவனியுங்கள். அது இப்போது 1991–2020 சராசரி, முன்பு 1981–2010. பத்தாண்டுக்கு ஒருமுறை அளவுகோலே மேலேறுகிறது. "இயல்பை ஒட்டியே வெயில்" என்றால் பழைய காலத்து வெயில் என்று பொருளல்ல. அந்தப் புதிய இயல்பையும் 0.65 டிகிரி தாண்டி, 1901க்குப் பிறகான மிக வெப்பமான ஆண்டானது 2024. அவ்வாண்டில் பகல் உச்சம் கூடியது 0.20 டிகிரி; இரவு 0.90. நூறாண்டுக் கணக்கில் பகலே வேகமாக ஏறியிருப்பதால் இதை விதியாக்க முடியாது. ஆனாலும் எனக்கு அதிகம் கவலை தருவது இரவுதான். 2024 ஜூனில் ஓர் இரவு சஃப்தர்ஜங்கில் 35.2க்குக் கீழே இறங்கவேயில்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழே, ஏசி இல்லாத ஒற்றை அறையில் படுப்பவர்களின் உடம்பு எப்போது ஆறும்?

நீங்களும் இரவைக் குறித்து வையுங்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளை நினைவில் வைக்கும், நீர்புகா முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானி போதும். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, முனையைப் பத்து நிமிடம் அதில் வையுங்கள். பூஜ்யத்துக்குப் பதில் 0.8 காட்டினால் இனி எல்லா அளவிலும் 0.8 கழியுங்கள். ஐந்தாறு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டுக் கவிழ்த்து அடுக்கி, கீழ்த்தட்டுகளின் நடுவில் துளையிட்டு முனையை உள்ளே தொங்கவிடுங்கள். வடக்குப் பக்கம், சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, ஏசி காற்று படாத இடம் வேண்டும். தினமும் காலை 8.30க்கு இரவின் குறைந்தபட்சத்தை எழுதிவிட்டு நினைவகத்தை அழியுங்கள். மறந்தால் நேற்றைய எண் இன்றையதாகிவிடும். மாடியில், கட்டடத்தை ஒட்டி அளப்பதால் சஃப்தர்ஜங் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் இந்த ஜூனை அடுத்த ஜூனோடு ஒப்பிடுங்கள். கருவியை வேறிடத்துக்கு மாற்றினால் பழைய கணக்கைத் தொடராமல் புதுப்பக்கம் போடுங்கள்.