பத்து மணிக்குப் போனால் கொக்கும் காக்காயும்தான்

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமராவும் 70–300 லென்ஸும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வெளிநாட்டுப் பறவைகள் வரும் என்றார்களே என்று எண்ணூர் முகத்துவாரத்துக்குக் காலை பத்து மணிக்குப் போனேன். கொக்கும் காக்காயும்தான் இருந்தன. தூரத்தில் ஏதோ ஒரு கூட்டம் தெரிந்தது; எடுத்த படமெல்லாம் கலங்கல். 600 எம்எம் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? எங்கே, எப்போது போகலாம்?

பதில்: லென்ஸை இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் படம் கலங்கியதற்குப் பெரும்பாலும் கானல்தான் காரணம். வெயில் ஏறியதும் சேற்றுத்திட்டின் மேல் காற்று சூடாகி நெளியத் தொடங்கும். அதன் வழியே தூரத்தில் சேற்றில் மேயும் உள்ளான் பறவையை 300-இல் எடுத்தாலும் கலங்கும். 600-இல் எடுத்தால் அதே கலங்கல் பெரிதாக விழும், அவ்வளவுதான். கேமரா ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் வகையாக இருந்தால் உங்கள் 300, ஏறக்குறைய 450 எம்எம் அளவுக்கு இழுத்துக் கொடுக்கும். வடசென்னைக்கு அது தாராளம். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால், எட்டு மடங்கு பெரிதாக்கும் 42 எம்எம் பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். முதலில் பார்க்கப் பழக வேண்டும்; படம் அப்புறம்.

நீங்கள் பார்க்க வேண்டியது தண்ணீரின் உயரம். கழிமுகத்துக்கு வரும் உள்ளான், உப்புக்கொத்தி வகைகள் நீந்துபவை அல்ல. கால் நனையும் ஆழத்தில் சேற்றைக் குத்திப் புழுவும் சிறு நண்டும் தின்பவை. தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் சேறு வெகுதூரம் திறந்து கிடக்கும். பறவைகளும் அங்கே போய்ப் பரவிவிடும். கரையிலிருந்து பார்த்தால் புள்ளிகள்தான் தெரியும். தண்ணீர் திரும்ப ஏறும்போது சேறு கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கி, அவற்றைக் கரைப்பக்கம் ஒதுக்கும். ஆகவே உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் அவற்றை நெருங்க வேண்டாம், அவையே நெருங்கி வரும். நம் கடற்கரையில் ஏற்ற இறக்கம் அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் கழிமுகம் தட்டையான தரை என்பதால் ஓரடி வித்தியாசமே நிறைய சேற்றைத் திறந்து மூடிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது கூடுதல். ஏற்ற நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். எனவே எல்லா ஞாயிறும் ஒத்துவராது. விடியலும் தண்ணீர் ஏறும் நேரமும் சேர்ந்து வரும் ஞாயிறாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல், கைபேசியிலேயே கிடைக்கும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் அட்டவணை சொல்வதும் நடப்பதும் வேறாக இருக்கும். “தண்ணி ஏறுதா, இறங்குதாண்ணா?” என்று வலையோடு நிற்பவரிடம் கேட்பதுதான் உறுதியான வழி.

வெளிச்சத்துக்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு: சூரியன் கடலிலிருந்து எழும். காலையில் கடல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி, மேற்கே கழிமுகத்தைப் பார்த்து உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் பறவை சேற்றில் ஒட்டிய பொம்மை மாதிரி இருக்கும். தரையில் ஒரு சாக்கை விரித்து, லென்ஸைப் பறவையின் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அதே 300-இல் வேறு படம் கிடைக்கும். வெள்ளைக் கொக்கும் ஆலா எனும் கடற்பறவையும் வெயிலில் சுண்ணாம்பாக வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். மேகமூட்டமான வானத்தில் பறப்பவற்றுக்கு மாறாக ஒரு படி கூட்டுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் கீழே போக வேண்டாம். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) ஏறினால் ஏறட்டும்.

எண்ணூரில் என்னென்ன தேடலாம்? கருவால் மூக்கன் வந்திருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். பெரிய பறவை, கூட்டமாக மேயும், பழகுவதற்கு எளிது. நீண்ட அலகின் அடிப்பகுதி இளஞ்சிவப்பு, நுனி கறுப்பு. அலகு முழுவதையும் சேற்றில் இறக்கும்போது சில நேரம் முகமே தண்ணீருக்குள் போய்விடும். நிமிரும் கணத்தில் அலகிலிருந்து சேற்றுநீர் சொட்டும். அதற்குக் காத்திருந்து எடுங்கள். பவளக்காலியையும் பச்சைக்காலியையும் காலின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்பார்கள். கால் சேறாகிவிட்டால் அந்தப் பாடம் உதவாது. பறக்கவிட்டுப் பாருங்கள் — அதாவது தானாகப் பறக்கும்வரை பொறுத்திருங்கள், நீங்கள் விரட்டி அல்ல. பவளக்காலிக்குச் சிறகின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை இருக்கும். பச்சைக்காலிக்குச் சிறகில் பட்டை கிடையாது, முதுகில் ஆப்பு போல வெள்ளை ஏறியிருக்கும். பழுப்புத்தலைக் கடற்காகம் குளிர்காலத்தில் தலைப் பழுப்பை இழந்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டோடு மட்டும் நிற்கும். புத்தகத்துப் படத்தை வைத்துத் தேடினால் கண்டுபிடிக்க முடியாது.

விரட்டக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கொசு உள்ளானின் எடை பெரும்பாலும் 30 கிராமைக்கூட எட்டாது. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடும் பறவை. இங்கே அது மேயும் ஒவ்வொரு மணி நேரமும் இழந்த கொழுப்பைத் திரும்பச் சேர்க்கும் நேரம். கூட்டம் எழும்பிப் பறக்கும் ‘சூப்பர் ஷாட்’டுக்காகக் கல்லெறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு சேராதீர்கள்.

இனி இடமும் மாதமும். செப்டம்பரிலிருந்து ஐப்பசி மழை பிடிக்கும்வரை எண்ணூர்தான். பெருமழை பெய்துவிட்டால் சேறு மூழ்கிவிடும், உள்ளான்கள் கலைந்துவிடும். அப்போது கழிமுகத்தை விட்டுவிட்டு ரெட்டேரி, மாதவரம் ஏரிப் பக்கம் வாருங்கள். நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி எல்லாம் கரையோரத்திலேயே கிடைக்கும். உங்கள் லென்ஸுக்கு அளவெடுத்த தூரம். மீஞ்சூர், பொன்னேரி வயல்களின் மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்தைக் கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய்க்கூடப் பார்க்கலாம். பூநாரைக்கும் ஊசிவால் வாத்துக்கும் பழவேற்காடு. ஆனால் அவசரப்படாதீர்கள். மழைவெள்ளம் வடிந்து, மார்கழிக்குமேல் ஏரி ஆழம் குறையும்போதுதான் பூநாரைகள் நன்றாகக் கூடும். நெருக்கத்தில் எடுக்கலாம் என்று யாராவது படகுக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். தவிர, படகு நெருங்கினால் பூநாரைக் கூட்டம் எழுந்து போய்விடும். கரையிலிருந்து பார்ப்பதே இருவருக்கும் நல்லது.

மழை விடாத ஞாயிறுக்குக் காசிமேடு இருக்கிறது. மீன் ஏலம் நடக்கும் அதிகாலையில் செம்பருந்தும் கள்ளப்பருந்தும் கழிவு மீனுக்கு இறங்கும். வேலை செய்பவர்களின் வழியில் நிற்காமல், முகங்களை எடுக்குமுன் கேட்டு எடுங்கள். சரக்குத் துறைமுகங்கள், அனல் மின் நிலையம் இருக்கும் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். காவலர் கேட்டால் திரையில் படத்தைக் காட்டினால் போதும், வாக்குவாதம் தேவையில்லை. டிரோன் பேச்சே வேண்டாம்.

வீடு திரும்பியதும் லென்ஸின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து உப்பை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் கேமராப் பையிலேயே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் இறகு கறுத்து நின்றன. அப்படி ஒரு பறவையைக் கண்டால் பிடித்துக் கழுவ முயலாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஐப்பசியில் உங்கள் வீட்டு மாடியிலேயே ஆறுமணிக் குருவி மயங்கிக் கிடக்கவும் வாய்ப்புண்டு. வடக்கிலிருந்து இரவில் பறந்து வரும் பறவை. களைப்பில் சுவரிலோ கண்ணாடியிலோ மோதிவிடும். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, பூனை எட்டாத இடத்தில் விட்டுவிடுங்கள். தெளிந்ததும் மரமுள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவிடலாம். பெட்டியில் வைக்குமுன் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.